சிறையில் இருப்பவருக்காக ஓர் ஆல்பம்: எல்லைப்பக்கக் கலைஞர்களுக்கான செய்முறை

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகப் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். வ.உ.சி. 1908 முதல் கோவைச் சிறையிலும் பிறகு கண்ணூர்ச் சிறையிலும் கிடந்து 1912 கடைசியில் வெளியே வந்தார். அந்தப் பணம் அவர் கைக்கு வந்தது 1916-ல். அதற்குள் காந்திக்கும் அவருக்கும் இடையே பல கடிதங்கள் போய் வந்துவிட்டன. கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை, வாங்கி வைத்திருந்த காந்தியின் நாணயத்திலும் குறையில்லை. பணம் எந்த வழியாகப் போய் யார் கையில் சேரும் என்பது மட்டும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பறைக்குழு, செண்டைக்குழு, கும்மிக்குழு, கல்லூரிப் பேண்டு, தேவாலயப் பாடகர் குழு எதற்கும் பஞ்சமில்லை. கருத்துக்காகவும் போராட்டத்துக்காகவும் சிறை போனவர்களுக்கு இவர்கள் சேர்ந்து ஆல்பம் போடலாம், போட வேண்டும். ஆனால் முதல் பாட்டை எழுதும் முன் பணத்தின் பாதையை எழுதுங்கள். இதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன.

வெளிநாட்டில் நடந்தவை

1971 ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பங்களாதேஷ் அகதிகளுக்காக இரண்டு கச்சேரிகள் நடத்தினார். டிக்கெட் பணம் யூனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆல்பத்திலும் படத்திலும் வந்த பெரும்பணமோ அமெரிக்க வரித்துறையிடம் பல வருடங்கள் மாட்டிக்கொண்டது. வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காததுதான் காரணம்.

1985-ல் ஸ்டீவன் வான் ஸான்ட் முன்னின்று, நிறவெறிக்கு எதிராக 'சன் சிட்டி' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தென்னாப்பிரிக்காவின் அரசியல் கைதிகள், அவர்கள் குடும்பங்கள், நாடு கடந்து வாழ்ந்தவர்களின் படிப்பு என்று வருமானம் போக வேண்டிய இடங்கள் முடிவாகி, அதைக் கொண்டு சேர்க்க 'ஆப்பிரிக்கா ஃபண்ட்' என்ற அமைப்பும் தயாராக இருந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வேலையின் வரிசை புரியும்.

மூன்றாவது பாடம் பர்மாவிலிருந்து, அதாவது இன்றைய மியான்மரிலிருந்து. வீட்டுக்காவலில் இருந்த ஆங் சான் சூச்சிக்காக 2004-ல் அமெரிக்காவில் பல கலைஞர்கள் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதே சூச்சி 2019 டிசம்பரில் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தில் நின்று, ரோஹிங்கியா வழக்கில் மியான்மர் அரசுக்காக வாதாடினார். 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மறுபடியும் சிறைப்பட்டார். அந்த நாட்டின் ராப் பாடகர் ஸெயா தோ முதலில் சிறை, பிறகு நாடாளுமன்றம் என்று போய், 2022 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். ஆல்பம் ஒரே முகத்தின் மேல் நின்றால் அந்த மனிதரின் பிற்காலத்தையும் அது சுமக்க வேண்டி வரும். அதனால் அட்டையில் ஆள்படத்தைப் பெரிதாகப் போடாதீர்கள். விரைவான விசாரணை, ஜாமீன், சிறையில் வைத்தியம், தாய்மொழியில் வழக்கு ஆவணம் என்று கோரிக்கையைப் போடுங்கள். கோரிக்கை யாருக்கும் பொருந்தும், பழசாகவும் ஆகாது.

முதல் கையெழுத்து யாருடையது

உள்ளே இருப்பவருடையது. அடுத்தது அவருடைய வக்கீலுடையது. குடும்பம் அதற்குப் பிறகுதான். அண்ணன் சரி என்றார், அக்கா சரி என்றார் என்பது போதாது. வக்கீல் நேர்காணலுக்குப் போகும்போது ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். ஆல்பத்தின் நோக்கம், பெயரும் குரலும் எழுத்தும் பயன்படுமா, பணம் எதற்குப் போகும், வேண்டாம் என்றால் எப்போது வரை நிறுத்தலாம் என்று இந்த நான்கும் அதில் இருக்கட்டும். சிறைக்குப் போகும் கடிதத்தையும் சிறையிலிருந்து வரும் கடிதத்தையும் அதிகாரிகள் படிப்பார்கள் என்பதை மனதில் வைத்தே எழுதுங்கள்.

அவர் எழுதிய கவிதையைப் பாட்டாக்குவதென்றால் காப்புரிமை அவருடையதுதான். சிறையில் இருப்பதால் அது பறிபோவதில்லை.

வக்கீல் எல்லாப் பாடல் வரிகளையும் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அன்றைக்கு அவர் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார், என்ன பேசினார் என்று வழக்கில் சொல்லப்படும் சம்பவத்தைத் தொடும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாட்டுக்கு அழகாக வந்து விழுந்த வரியை அரசுத் தரப்பு விசாரணையில் எடுத்துப் படிக்கலாம். நீதிபதியின் பெயரும் வேண்டாம், நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971 இருக்கிறது. நிரபராதி என்று தீர்ப்பெழுதுவதும் ஆல்பத்தின் வேலையில்லை. விசாரணை முடியாமல் இத்தனை வருடம் உள்ளே இருக்கிறார் என்பதைச் சொன்னாலே கேட்பவருக்கு உறைக்கும். 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75-க்கு மேல்.

பணம் எதற்கு

வக்கீல் ஃபீஸ் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவுப்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை உண்டு. தாம் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தருகிறது. இந்த இரண்டில் எந்த வழி என்று குடும்பம் முடிவு செய்யட்டும். எல்லைப்பக்கத்தில் ஆல்பப் பணம் உடனே பலன் தரும் இடங்கள் வேறு.

ஒன்று மொழிபெயர்ப்பு. குற்றப்பத்திரிகை மலையாளத்தில் வரும். தமிழ்வழி படித்தவருக்குத் தன் மேல் என்ன குற்றம் என்றே முழுதாகப் படிக்கத் தெரியாது. சில நூறு பக்கங்களை நல்ல தமிழில் கொண்டுவருவது சின்ன வேலையில்லை, யாரும் அதற்கென்று பணம் ஒதுக்குவதுமில்லை.

இரண்டு, போக்குவரத்து. வழக்கு ஓர் ஊரில், சிறை வேறு ஊரில், வீடு எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம் என்றால், பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம் விய்யூர்ச் சிறைக்கோ கண்ணூர்ச் சிறைக்கோ போய் வருவதற்கு ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும். வாய்தாவுக்கு இவ்வளவு, நேர்காணலுக்கு இவ்வளவு என்று தொகை வைத்து, டிக்கெட்டைக் காட்டினால் வங்கியில் போடுங்கள்.

மூன்றாவது ஜாமீன். எல்லையின் கஷ்டம் அதிகம் தெரிவது இதில்தான். கேரள நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்த பிறகு இரண்டு ஜாமீன்தாரர்கள் கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு வர வேண்டும். சொந்தக்காரர் எல்லோரும் தமிழ்நாட்டில். அவர்கள் கையில் இருப்பது பட்டாவும் சிட்டாவும். உள்ளூர் ஆள் வேண்டும் என்ற பேச்சு வரும். வெளியூர்க்காரர், வெளிமாவட்டச் சொத்து என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளுவது சரியில்லை என்று 1978-லேயே மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவர் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர். வக்கீல் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கட்டும். கூலிக்கு ஜாமீன் நிற்கிறேன் என்று கோர்ட் வாசலில் வருபவரிடம் ஆல்பப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜாமீனும் ரத்தாகும், வழக்கும் இன்னொன்று சேரும். பிணைக்குப் பதில் பணமாகக் கட்ட நீதிமன்றம் அனுமதித்தால் கட்டுங்கள். ஆனால் வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் கட்டியவர் பெயருக்குத்தான் திரும்பும். யார் பெயரில் கட்டுவது, திரும்பியதும் நிதிக்கு எப்படி வர வேண்டும் என்பதைக் கட்டும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதை விட்டால் பின்னால் உறவுதான் கெடும்.

பணம் திரட்டும் முன் வக்கீலிடம் இன்னொன்றும் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்ட விசாரணைக் கைதிக்கு ஜாமீன் கேட்கலாம். இதற்கு முன் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. பல வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. பொருந்துமானால் முதல் செலவு அதற்கான மனுதான்.

யார் பெயரில் வசூல்

தனியாள் ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். யாரோ ஒருவர் கொடுக்கும் ஒரு புகாரிலேயே அந்தக் கணக்கு முடங்கலாம். அது அந்தக் கலைஞரின் வீட்டுச் செலவுக் கணக்காகவும் இருக்கும். ஏற்கெனவே பதிவான, வருடா வருடம் ஆடிட் செய்யும் ஓர் அமைப்பைப் பிடித்து, இந்த ஆல்பத்துக்கென்று தனிக் கணக்கு திறக்கச் சொல்வதே மேல். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. ஒருவர் இசைக்காரர், மற்றவர் இசைக்குச் சம்பந்தமில்லாதவர்.

புதிதாகச் சங்கம் பதிவதென்றால் இடத்தைப் பாருங்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யம், அங்கே திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கச் சட்டம் 1955. பாலக்காடு தாலுகா பழைய மலபார், அங்கே 1860-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975. மூன்றிலும் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பைலாவை ஒன்றிலிருந்து பார்த்து எழுதி இன்னொன்றில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

'அரசியல் கைதி' என்று ஆல்பத்தில் பாடலாம். ரசீதில் அந்தச் சொல் வேண்டாம், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அப்படியொரு சட்ட வகை கிடையாது. வழக்கு எண்ணை எழுதுங்கள். வழக்கு யு.ஏ.பி.ஏ. எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இருந்தால் கவனம் இரட்டிப்பாகட்டும். பயங்கரவாதச் செயலுக்குப் பணம் திரட்டுவதை அதன் 17-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆகவே ஒவ்வொரு ரூபாயும் பில்லுக்கு எதிராக, வங்கி வழியாக, வக்கீலுக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ குடும்பத்துக்கோ போனது என்று காட்ட முடிய வேண்டும். ரொக்கம் கூடாது. தடை செய்யப்பட்ட அமைப்பின் பெயரோ கொடியோ அட்டையின் மூலையில்கூட வரக் கூடாது.

வளைகுடாவிலிருந்து பணம் வரும், பாலக்காட்டுப் பக்கம் அது இல்லாமல் எதுவும் நடக்காது. அங்கே வேலை செய்பவர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது. பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஆல்பத்தை நியாயமான விலைக்கு வெளிநாட்டில் விற்பது வேறு, அது வியாபாரம். ஆனால் இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் 'விருப்பமிருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம்' என்ற தேர்வு இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். விலைக்கு மேல் வரும் தொகையை நன்கொடை என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

பாட்டு யாருடையது

பாரதி 1921-ல் மறைந்தார், பாரதிதாசன் 1964-ல். இருவரின் வரிகளையும் தாராளமாகப் பாடலாம். குமாரனாசான் 1924, அவரும் சரி. வயலார் ராமவர்மா 1975, அவர் வரிகளுக்கு 2035 முடியும் வரை அனுமதி வேண்டும். இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வரி பொதுச்சொத்தாக இருந்தாலும் மெட்டு இன்னொருவருடையதாக இருக்கலாம். சினிமாவில் வந்த பாரதி பாட்டின் மெட்டை எடுத்தால் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கவர் பாட்டு போடலாம் என்பார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 31-சி பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் முதல் பதிவு வெளியான வருடம் முடிந்து ஐந்து வருடம் போயிருக்க வேண்டும், பாட்டு ஒன்றுக்கு வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். 500 பிரதி விற்கும் குழுவுக்கு இது கட்டுப்படியாகாது. புதுப் பாட்டு எழுதுங்கள்.

கலைஞர்களிடம் வாங்கும் ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். ஆனால் 'ராயல்டி எதுவும் வேண்டாம்' என்று பாடலாசிரியரிடமும் இசையமைப்பாளரிடமும் எழுதி வாங்காதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, அவர்களுக்குச் சேர வேண்டிய சம பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது. பங்கைக் கணக்கில் கொடுங்கள், அவர்கள் விரும்பி நிதிக்குத் தரட்டும். காலமும் இடமும் குறிக்காவிட்டால் சட்டம் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றே எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் விற்கும் எண்ணம் இருந்தால் 'உலகம் முழுவதும்' என்று எழுதியே ஆக வேண்டும்.

பதிவு

எட்டுப் பாட்டு, 35 முதல் 40 நிமிடம். அதில் குறைந்தது இரண்டு மலையாளத்தில் இருக்கட்டும். கோர்ட்டும் சிறையும் பத்திரிகையும் அங்கே மலையாளம்தான்.

மாசியிலிருந்து சித்திரை வரை வேலா, பூரம் என்று கோயில் திருவிழாக்களுக்குப் போய்விடுவதால் செண்டைக்காரர் யாரும் கிடைக்க மாட்டார். ஆடியில் எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள், ஆனால் மழை ஈரத்தில் பறையின் தோல் தொய்ந்துவிடும். ஆடியில் குரலையும் ஆர்மோனியத்தையும் முடித்துவிட்டு, தாளத்தை மழை விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆடியிலேயே முடிக்க வேண்டுமென்றால் ஸ்டுடியோ வாசலில் வைக்கோல் நெருப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சிய பறை நன்றாகக் கணீரென்று இருக்கும் நேரம் குறைவு. இரண்டு பறை வைத்து, ஒன்று உள்ளே ஒலிக்கும்போது மற்றது வெளியே காயட்டும். ஒரு டேக்கில் காய்ச்சியதையும் அடுத்த டேக்கில் தொய்ந்ததையும் வெட்டி ஒட்டினால் எந்த மிக்ஸிங்காலும் மறைக்க முடியாது. ஏசியை அணைத்துவிட்டே தாளத்தை எடுங்கள்.

மைக் பறையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, முகத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக. கிட்டே வைத்தால் சுண்டுக்குச்சியின் சொடுக்கு மட்டும் விழும், அடிக்குச்சியின் முழக்கம் காணாமல் போகும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். ஒத்திகையில் வைத்த அளவு டேக்கில் நிற்காது, ஆள் சூடாக ஆக அடியும் ஏறும். காதில் கிளிக் (சீரான தாளக் கணக்கு ஒலி) போட்டு அடிக்கச் சொல்லாதீர்கள். தாளத்தை முழுதாக ஒரே மூச்சில் எடுத்து, அதன் மேல் பாடச் செய்யுங்கள். நாதஸ்வரம் வருவதாக இருந்தால் எத்தனை கட்டை என்று முந்தைய நாளே கேட்டு, கீபோர்டின் சுருதியை அதற்கு இறக்கியோ ஏற்றியோ வையுங்கள். நாதஸ்வரத்தை மாற்றச் சொல்ல முடியாது.

மாஸ்டரிங்கில் சராசரி ஒலியளவு மைனஸ் 14 லஃப்ஸ், உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பதிவு அடையாள எண் வாங்குங்கள். அது இல்லாமல் ஸ்ட்ரீமிங் பணம் யாருக்கென்று பிரிக்க முடியாது. ஸ்ட்ரீமிங்கில் வரும் பணம் சொற்பம். பாட்டு பரவட்டும் என்பதற்காக மட்டும் அதை வையுங்கள்.

விற்பனை

சிடியை விடப் பென் டிரைவ் போகும், கார்களிலும் டெம்போக்களிலும் அதுதான் ஓடுகிறது. ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்யுங்கள், மற்றதைப் பல பிளேயர்கள் படிக்காது. பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-ஆக இருக்கட்டும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். 01, 02 என்று எண்ணில் தொடங்கி ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

'லாபம் முழுவதும் நிதிக்கு' என்று அச்சிடாதீர்கள், லாபம் எவ்வளவு என்பதில்தான் சண்டை வரும். உதாரணத்துக்கு விலை 250, டிரைவும் அட்டையும் 130, கடைக் கழிவும் வண்டிக் கூலியும் 20 என்றால், 'ஒரு பிரதிக்கு 100 ரூபாய் நிதிக்கு' என்று அட்டையிலேயே போடுங்கள். 500 விற்றால் 50,000, யாரும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டுடியோ, மாஸ்டரிங் செலவை இதிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு முன்பே தனியாக ஆள் பிடியுங்கள்.

எல்லையில் ஜி.எஸ்.டி. ஒரு கண்ணி. கொழிஞ்சாம்பாறைக் கடையில் வந்து வாங்கினால் உள்மாநில விற்பனை. அதே டிரைவைப் பார்சல் போட்டுப் பொள்ளாச்சிக்கு விற்றால் மாநிலம் தாண்டிய சரக்கு, விற்பனை எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். டவுன்லோடு சேவைக் கணக்கில் வரும், அதற்கு 20 லட்சம் வரை விலக்கு. தமிழ்நாட்டுக்காரருக்கு டவுன்லோடு, கேரளத்துக்காரருக்கு டிரைவ் என்று பிரிப்பது ஒரு வழி. ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பேண்ட்கேம்ப் டவுன்லோடுக்கு 15 சதவீதம் எடுக்கும், பேபால் கட்டணம் தனி. 2021 ஏப்ரலிலிருந்து பேபால் இந்தியாவுக்குள் பணம் வாங்கித் தருவதில்லை. அதனால் உள்நாட்டுக்கு அமைப்பின் பெயரிலான யுபிஐ, வெளிநாட்டுக்குப் பேண்ட்கேம்ப்.

வெளியீட்டு விழாவுக்கு மேடை எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநில போலீஸின் ஒலிபெருக்கி அனுமதி வேண்டும். இரவு 10 மணியோடு முடியுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு விழா வைத்தால் பிரச்சாரம் என்று நிறுத்துவார்கள், தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

கணக்கு

வெளியீட்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வெளியிடுங்கள். அச்சிட்டது, விற்றது, இலவசமாகக் கொடுத்தது, கையிருப்பு, நிதிக்குப் போனது, செலவான தலைப்பு. குடும்பத்தின் வங்கி எண்ணும் முகவரியும் அதில் வரக் கூடாது, வக்கீல் பில்லில் வழக்கின் உள்விவரம் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

அவர் விடுதலையாகிவிட்டால் மீதிப் பணம் எங்கே போகும் என்று முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். விடுதலையான பிறகு வரும் முதல் ஆறு மாதத்துக்கு வைத்தியத்துக்கும் வேலை தேடுவதற்கும் ஒரு பங்கு, மீதி அதே சிறையில் இருக்கும் இன்னொருவரின் மொழிபெயர்ப்புச் செலவுக்கு என்று பிரிக்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பாட்டுகளின் மூலப்பதிவை அந்தந்தக் கலைஞருக்கு ஒரு டிரைவில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.